துண்டு கட்டிய மரம்

காயலைங்க, வேற எடுத்துக்கிட்டுப் போங்க என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன், அதற்குள் அவர் கொடியிலிருந்து அந்தத் துண்டை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டார், நீலக் கரை போட்ட துண்டு, முந்தின நாள் மாலை துவைத்தது, ஈரம் அப்படியே இருந்தது. “வெயில்ல தான நிக்கப்போறேன் குணா, அது பாட்டுக்குக் காயும்லா” என்றார், ரப்பர் பூட்சுக்குள் காலை நுழைத்தார், போய்விட்டார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கடைசியாக என்ன பேசினார், என்ன சொன்னார் என்று... துண்டைப் பற்றிப் பேசினோம் என்றால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது, பீடோங்கிலிருந்து வந்த ஒரு பெரியம்மா “வேற ஒண்ணும் சொல்லலியா, வேற ஒண்ணுமே சொல்லலியா” என்று விடாமல் கேட்டாள், நான் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல. வேறு என்ன சொல்வார்? போகப்போகிறோம் என்று தெரிந்தவர்தானே ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். தெரியாமல் போனார், உட்கார்ந்தபடியே போனார், ஒன்றும் உணர்ந்திருக்க மாட்டார், டாக்டரும் அதைத்தான் சொன்னார், கொழுந்தனும் அதைத்தான் சொன்னார், நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்... எட்டாம் நாள் படையல் முடிந்த மறுநாள் காலை வரைக்கும். அன்று காலை நான் சமையலறைப் பின்கதவைத் திறந்து தோட்டத்தில் இறங்கினேன். பதினாறு முடியாமல் வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாசலைத் தாண்டவில்லையே, பின்கதவைத்தானே தாண்டினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவர் இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்.

இறங்காமல் எப்படி இருப்பது, காளிதாசன் மருந்தடிக்கும் பம்போடு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருடைய தம்பி, பீடோங்கில் லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர், நல்ல மனிதர் என்பதுதான் சிக்கல், கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம். தோட்டம் முழுக்கக் கொய்யா பிஞ்சு விட்டு நின்றது. கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு, சுண்டைக்காய் போல. அத்தனையும் நின்றால் ஒன்றும் தேறாது, எல்லாம் எலுமிச்சை அளவில் நின்றுவிடும், கிளை முறியும், அடுத்த தடவை மரம் களைத்துப்போய்ப் பூக்கவே பூக்காது. அதனால் உதிர்க்க வேண்டும். எங்கள் ஊர் கரங்கானில் மற்றவர்கள் கையால் கிள்ளுகிறார்கள், இவர் மட்டும் மருந்து அடித்தார். ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியாவில் கற்றுக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஆப்பிள் தோட்டத்திலும் பேரிக்காய்த் தோட்டத்திலும் வேலை பார்த்தவர், அங்கே பூ உதிர்ந்ததும் மருந்து அடித்துத்தான் பிஞ்சைக் குறைப்பார்களாம், ஆப்பிளில் ஒரு கொத்துக்கு ஐந்து பூ, நடுப்பூ முதலில் விரியும், அதை ராஜா என்பார்களாம், ராஜாவை விட்டுவிட்டு மற்றதெல்லாம் உதிர வேண்டும், பேரிக்காய் அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்காது, அது ஒரு பிடிவாதக்கார மரம், உன்னை மாதிரி என்பார். இங்கே வந்து முதல் தடவை கொய்யாவுக்கு அடித்தபோது ஊரே சிரித்தது. காய்க்கிற மரத்துக்கு மருந்தடித்துக் கொட்டவைக்கிறானே, மூளை கீளை குழம்பிப்போச்சா என்று. ‘ஆப்பிள் ஜோதி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பரஞ்சோதி என்றால் கரங்கான் பாசாரில் யாருக்கும் தெரியாது, ஆப்பிள் ஜோதி என்றால் மீன் விற்கிற சீனன்கூட வழி காட்டுவான். அந்த மருந்து எதையும் கொல்லாது குணா, என்பார், மரத்துக்குள்ள ஒரு சந்தேகத்தக் கெளப்பிவிடும், இத்தனையும் நம்மால காப்பாத்த முடியுமான்னு, அப்புறம் மரமே முடிவு பண்ணி விட்டுரும்... அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் தெரியாது. ஒரு வாரம் கழிந்தாலும் மரம் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும், அடித்ததா அடிக்காததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிறகு ஒரு நாள் கொட்டும். எட்டாம் நாள் வரை நானும் அப்படித்தான் நின்றேன், அழவே இல்லை என்று பேசிக்கொண்டார்கள், பேசட்டும்.

அடித்ததா அடிக்காததா. அதுதான் அந்த ஒன்பது நாளும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பாதியில் போய்விட்டார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் கடைசி வரிசையில் தொடங்கி வீட்டைப் பார்த்து அடித்துக்கொண்டே வருவார், எப்போதும் அப்படித்தான், நனைந்த இலைக்குள் நடக்கக்கூடாது என்பதற்காக. அன்று எந்த மரம்வரை வந்தார்? யாருக்கும் தெரியாது. நான் அவரைப் பார்த்தது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் டிரம்மடியில், முதுகை அதில் சாய்த்து, காலை நீட்டி, பம்பு பக்கத்தில் நேராக நிற்க. தண்ணீர் பிடிக்க வந்திருப்பார் என்றார்கள். எந்த மரத்திலிருந்து வந்தார்? அதற்குத்தான் துண்டு. வேலையை நிறுத்தித் தேநீருக்கு வந்தாலும் சரி, மருந்து கலக்க வந்தாலும் சரி, முடித்த மரத்தில் துண்டைக் கட்டிவிட்டுத்தான் வருவார். அதுவும் டாஸ்மேனியாப் பழக்கம். அங்கே இரண்டு பேர் ஒரு பேரிக்காய்த் தோட்டத்தின் இரண்டு முனையிலிருந்து அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், இவன் நிறுத்திய இடம் அவனுக்குத் தெரியாமல் நடு வரிசைகளுக்கு இரட்டை மருந்து விழுந்துவிட்டது, சில நாள் கழித்து அந்த வரிசையில் ஒரு காய் மிஞ்சவில்லை, முதலாளி உதிர்ந்து கிடந்த பச்சைக் காய்களுக்கு நடுவே நின்றாராம், திட்டக்கூட இல்லையாம், குனிந்து ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தாராம். அந்தத் துடைப்பைத்தான் இவர் எப்போதும் நடித்துக் காட்டுவார். அன்றிலிருந்து துண்டு. பெரிய முடிச்சு இல்லை, சும்மா ஒரு சுருக்கு, ஒற்றைக் கையால் இழுத்தால் வந்துவிடும். அந்தத் துண்டை அழகம்மா அவிழ்த்துவிட்டாள்.

அவளை நான் என்ன சொல்ல முடியும். காய்க்கு உறை மாட்டும் நாட்களில் எங்களோடு வேலை செய்கிறவள், பக்கத்து வரிசை வீடு, என் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் முதல் ஆள். அவரை உள்ளே கொண்டுவந்து கிடத்தினோம், வாய் திறந்திருந்தது, நாடிக்கட்டு கட்ட வேண்டும், உடனே கட்ட வேண்டும், விறைத்துவிட்டால் மூடாது என்று யாரோ சொன்னார்கள், வெள்ளைத் துணி எங்கே என்று யாரோ கேட்டார்கள், என் கை எந்த அலமாரியையும் திறக்கவில்லை... அழகம்மா பின்பக்கம் ஓடினாள், தோட்டத்துக்குள் மரத்தில் துண்டு தொங்குவதைப் பார்த்தாள், அவிழ்த்துக் கொண்டுவந்தாள், அவர் துண்டாலேயே அவர் தாடையைக் கட்டினார்கள். அது அவரோடேயே போய்விட்டது. மூன்றாம் நாள் நான் கேட்டேன், எந்த மரம் அழகம்மா. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ அக்கா, நான் மரத்தயா பாத்தேன்? நீலக் கரதான் கண்ணுல தெரிஞ்சிச்சு. ஓடுனேன். அந்த முடிச்சு வேற சனியன் அவுறவே இல்ல, பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன்.” கிட்டவா தூரமா என்று கேட்டேன். “தெரியலக்கா, ஓடுறப்ப எல்லாம் தூரமாத்தான் இருந்துச்சு” என்றாள், அழுதாள், நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். முடிச்சு என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை, மரம் எது என்பதில்தான் மனம் நின்றது.

எட்டாம் நாள் படையலுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம், ஓர் ஆப்பிளும் வைத்தாள் ரூபினி, எங்கள் மகள், பினாங்கில் வேலை செய்கிறவள், “அப்பாவுக்கு இது இல்லாம எப்படிம்மா” என்று. இலையை எடுத்த பிறகு காளிதாசன் மெதுவாகப் பேச்சை எடுத்தார். அண்ணி, பிஞ்சு பெருசாகுது, இன்னும் நாலு நாள் போனா மருந்து கேக்காது, அண்ணன் ஒழச்சதெல்லாம் வீணாப்போயிடும் லா. எதுவரைக்கும் அடிச்சாருன்னு தெரியலையே தம்பி என்றேன். “அதான் யோசிச்சேன். மருந்தப் பாதியாக் கலந்து, மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே தடவ அடிச்சுடலாம். அடிச்ச மரத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும், அடிக்காத மரத்துக்குக் கொஞ்சம் கொறையும். சரியாப்போச்சு.” அடித்த மரத்தில் அடித்தால் கொட்டிவிடும் என்றேன். “அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?” காத்திருப்போம் என்றேன். அடித்த மரம் தானே உதிர்க்கும், எதுவரை உதிர்க்கிறதோ அதுவரை அவர் அடித்திருக்கிறார், மிச்சத்தை நான் கையால் கிள்ளுவேன். காளிதாசன் ரூபினியைப் பார்த்தார், ரூபினி தரையைப் பார்த்தாள். “கையாலயா? இவ்வளத்தயுமா? சுசா லா அண்ணி, ரொம்பக் கஷ்டம், ஒடம்பு தாங்குமா? மரம் வந்து சொல்லும்னு ஒக்காந்திருக்க முடியுமா, மரம் என்ன கோயில் பூசாரியா?” யாரோ சிரித்தார்கள், நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் சரி என்று சொல்லவில்லை. அவர் நாளைக்குக் காலையில் வருகிறேன் என்றார், அதையும் சரி என்று நான் சொல்லவில்லை. பெண்கள் சும்மா இருந்தால் சம்மதம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அதனால்தான் இறங்கினேன். பனி இன்னும் இலைமேல் இருந்தது, செருப்பு வழுக்கியது, டிரம்மைத் தாண்டும்போது பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன், தரையில் ஒன்றும் இல்லை, யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். காளிதாசன் வந்தால் பம்புக்கு முன்னால் போய் நிற்பது, அதுதான் என் திட்டம், வேறு திட்டம் இல்லை, என்மேலே அடியுங்கள் தம்பி என்று சொல்வது... சினிமா மாதிரி இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. உண்மையில் எதற்காக இவ்வளவு பிடிவாதம்? காய்க்காகவா? காய்க்காக என்றால் அவர் சொன்ன அரை மருந்தும் ஒரு வழிதான், கொஞ்சம் போகும் கொஞ்சம் நிற்கும், உலகம் முழுகிவிடாது. ஆனால் அடித்துவிட்டால் எல்லா மரமும் ஒன்றாகிவிடும், எல்லாம் உதிர்க்கும், அவர் கை எங்கே நின்றது என்பது பிறகு எந்தக் காலத்திலும் தெரியாது. இதைக் காளிதாசனிடம் எப்படிச் சொல்வது. அண்ணன் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால், டிரம்மடியைத்தான் காட்டுவார். அது அவர் போய் உட்கார்ந்த இடம். நின்ற இடம் வேறு. வேலை செய்துகொண்டிருந்த மனிதன் வேலை செய்துகொண்டிருந்த கடைசி இடம் எங்கே இருக்கிறது இந்தத் தோட்டத்தில், அது எனக்கு வேண்டும், வேறு யாருக்கும் வேண்டாம், எனக்கு வேண்டும். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கையை நீட்டிக் கிளைகளைத் தொட்டுக்கொண்டே போனேன், பிஞ்சுகள் இறுக்கமாக இருந்தன, ஒன்றும் அசையவில்லை. வீட்டுப் பக்கத்து மரங்கள், இதற்கு அவர் வந்திருக்க மாட்டார். நடு வரிசைகள், இங்கேயும் இறுக்கம். இன்னும் கொட்டும் நாள் வரவில்லையோ? மருந்தே கேட்கவில்லையோ? கலக்கும்போது தவறிவிட்டாரா, அன்று காலையே அவருக்கு ஏதாவது செய்துகொண்டிருந்ததா... வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, நட.

நடந்தேன். பனை மரங்களின் இருட்டு தெரிய ஆரம்பித்தபோது ஒரு சத்தம் கேட்டது, மழைத்துளி என்று நினைத்தேன், வானத்தைப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. மறுபடியும் கேட்டது. காய்ந்த இலைமேல் ஏதோ விழுகிற சத்தம், ஒன்று, பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கடைசி வரிசையில் மரங்களுக்குக் கீழே தரையே பச்சையாக இருந்தது. காம்பு மஞ்சளடித்த பிஞ்சுகள், இரவு முழுக்கக் கொட்டியிருக்க வேண்டும், கிளையைத் தொட்டதும் இன்னும் சில விழுந்தன, நின்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, கை நுழையும் அளவு இடைவெளி விட்டு, அவர் ஆசைப்படுகிற மாதிரியே நின்றன. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா? அழுதேன், ஆனால் நீண்ட நேரம் இல்லை, லாரி வந்துவிடுமே என்ற நினைப்பு இருந்தது. எழுந்தேன். வரிசையைப் பிடித்து வீட்டைப் பார்த்து நடந்தேன், அவர் வந்த மாதிரியே, இந்த மரம் உதிர்த்திருக்கிறது, இதுவும், அடுத்த வரிசைக்குத் திரும்பினேன், இதுவும், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றேன், இங்கே பம்பை அடித்தார், இங்கே சுற்றி வந்தார், இங்கே இருமியிருப்பார், மருந்து நெடிக்கு இருமுவார், இதுவும், இதுவும்... பிறகு ஒரு மரம். அதன் கீழே பனைப் பக்கம் தரை பச்சையாக இருந்தது. வீட்டுப் பக்கம் தரை வெறும் தரையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பனையைப் பார்த்த கிளைகள் காலியாகி அங்கொன்றும் இங்கொன்றும் நின்றன, வீட்டைப் பார்த்த கிளைகளில் பிஞ்சு பிதுங்கிக்கொண்டு நின்றது, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. அடுத்த மரத்துக்குப் போனேன், முழுக்க இறுக்கம். திரும்பி வந்தேன்.

அதே நேரத்தில் லாரி சத்தம் கேட்டது, காளிதாசன் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டே அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார், பின்னால் அழகம்மா, என்னைக் காணோமே என்று தேடி வந்திருக்கிறாள். “இங்க என்ன பண்றீங்க, பதினாறு முடியாம, யாராவது பாத்தா...” என்று தொடங்கியவர் தரையைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பம்பின் வாரைத் தோளிலிருந்து கழற்றினார். “பூசாரி சொல்லிட்டாரு போல” என்றார், உதிர்ந்த ஒரு பிஞ்சை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், “ஆனா அண்ணன் பாதி மரத்துல நிறுத்தமாட்டாரே” என்றார். ஆமாம். நிறுத்தமாட்டார். மழை வந்தாலும் நின்ற மரத்தை முடித்துவிட்டுத்தான் வருவார், மருந்து தீர்ந்தால் கலந்து வந்து அதே மரத்தை முடிப்பார், முடிக்காத மரத்தில் துண்டு கட்டமாட்டார், கட்டினால் அந்த அடையாளம் பொய்யாகிவிடும் அல்லவா. அழகம்மா கிட்டே வந்து அடிமரத்தைத் தொட்டாள், என் மார் உயரத்தில் ஒரு கவட்டை, அதில் கையை வைத்தாள். “இதாங்கா. இந்தக் கவட்டதான். கால எடுத்து இந்தப் பொடப்புல வச்சுத்தான் பல்லால கடிச்சேன், இப்ப ஞாபகம் வருது.” எப்படிப்பட்ட முடிச்சு என்று கேட்டேன். “இரட்ட முடிச்சுக்கா. நல்லா இழுத்துக் கட்டியிருந்திச்சு.”

இரட்டை முடிச்சு. சுருக்கு இல்லை. அப்படியென்றால் ஏதோ தெரிந்திருக்கிறது. மரத்தின் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரும்போது தெரிந்திருக்கிறது, பம்பை நிறுத்தியிருக்கிறார், துண்டைக் கழற்றியிருக்கிறார், இரண்டு கையாலும் இழுத்து இழுத்துக் கட்டியிருக்கிறார், இதுவரைதான், இதற்குமேல் நீங்கள் என்று... யாருக்காக? திரும்பி வந்து முடிக்கலாம் என்றா? பிறகு அத்தனை வரிசையையும் கடந்து, முதுகில் பம்போடு, வீட்டைப் பார்த்து நடந்திருக்கிறார். ஒன்றும் உணரவில்லை என்று இனி நான் சொல்ல முடியாது. ஆனால் அது ஈரத் துண்டு. காயாத துண்டு, கழுத்து வியர்வையும் சேர்ந்தது, ஈரத் துணியில் சாதாரணச் சுருக்கே இறுகிக்கொள்ளும், பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருக்கும், பதறி ஓடிவந்தவளுக்கு ஒற்றை முடிச்சும் இரட்டையாகத்தான் தெரியும்... எது? எதுவென்று யாரைக் கேட்பது? காளிதாசன் பம்பைத் திறந்து கலந்து வந்த மருந்தை வேலியோரம் களைச்செடிக் குழியில் ஊற்றிவிட்டு வந்தார், சட்டைக் கையை மடித்தார், “எப்புடிக் கிள்ளணும், சொல்லுங்க அண்ணி” என்றார். காம்போடு திருகணும் தம்பி, இழுத்தா பட்டை உரிஞ்சிடும், ஒரு கணுவுக்கு ஒண்ண விடுங்க, நடுவுல நல்லா உருண்டையா இருக்குறத விடுங்க என்று சொன்னேன், சொல்லும்போதே அது என் பேச்சு இல்லை என்று தெரிந்தது. அழகம்மா ராஜா எது ராஜா எது என்று கேட்டுக்கொண்டே அடுத்த மரத்தில் கையை வைத்தாள். அன்றும் அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் மிச்ச வரிசைகளை எல்லாம் கையாலேயே முடித்தோம், பதினாறாம் நாள் கருமகிரியைக்கு என் விரல் நுனியெல்லாம் கறை, ஐயர்கூடப் பார்த்தார். அந்த ஒரு மரத்தை மட்டும் நான் யாரையும் தொடவிடவில்லை. பனையைப் பார்த்த பக்கத்தில் காய் பெருத்துவிட்டது, நானே உறை மாட்டினேன். வீட்டைப் பார்த்த பக்கத்தில் பிஞ்சுகள் அப்படியே இருக்கின்றன, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு.